நவீன இயற்பியலில் தத்துவம் எங்கே வந்தது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சார்பியலும் குவாண்டம் இயற்பியலும் பிறந்த கதையைப் பாடப்புத்தகங்கள் சோதனை, சமன்பாடு என்ற இரண்டோடு முடித்துவிடுகின்றன. அந்தக் கதையில் தத்துவத்துக்கு இருந்த பங்கைப் பற்றி மாணவர்களும் பொது வாசகர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். வரலாறு எது, என் கருத்து எது என்பதை அங்கங்கே பிரித்துச் சொல்லியிருக்கிறேன்.

சோதனை செய்து பார்ப்பதுதானே இயற்பியல்? அதில் தத்துவத்துக்கு என்ன வேலை?

கடைசித் தீர்ப்பு சோதனையுடையதுதான். அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் எதைச் சோதிப்பது, கிடைத்த எண்ணுக்கு என்ன பொருள் கொள்வது என்பதெல்லாம் நாம் ஏற்கெனவே நம்பிக்கொண்டிருக்கும் சில விஷயங்களைப் பொறுத்தது. நேரம் எல்லோருக்கும் ஒரே மாதிரி ஓடுகிறது. யாரும் பார்க்காதபோதும் ஒரு பொருளுக்கு ஓர் இடம் உண்டு. இங்கே செய்வது அங்கே உடனே பாதிக்காது. இவற்றை யாரும் ஆய்வுக்கூடத்தில் சரிபார்த்துவிட்டு ஏற்கவில்லை. கேட்காமலே ஏற்றுக்கொண்டோம்.

1900ஐ ஒட்டி இயற்பியல் திணறிய இடங்களில் இப்படிப்பட்ட நம்பிக்கை ஒன்று வழியை மறித்துக்கொண்டிருந்தது. அதை வெளியே இழுத்து, "இதை எந்த ஆதாரத்தில் நம்புகிறோம்?" என்று கேட்கும் பழக்கத்தை இயற்பியலாளர்கள் தத்துவ நூல்களிலிருந்து கற்றார்கள். இந்த வரலாற்றைப் படித்து நான் வந்த முடிவு இது: கேள்வியாக வந்தபோது தத்துவம் இயற்பியலுக்குப் பேருதவி செய்திருக்கிறது, தீர்ப்பாக வந்தபோது பெரும்பாலும் கெடுத்திருக்கிறது. இரண்டுக்கும் கீழே உதாரணங்கள் உண்டு. சில சமயம் இரண்டையும் செய்தவர் ஒரே மனிதர்.

ஐன்ஸ்டைன் உண்மையிலேயே தத்துவம் படித்தாரா? பின்னால் சேர்த்துச் சொன்ன கதையா?

படித்தார். 1902இல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் காப்புரிமை அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அந்தக் காலத்தில் மாரிஸ் சோலோவின், கான்ராட் ஹபிக்ட் என்ற இரு நண்பர்களோடு சேர்ந்து ஒரு வாசிப்புக் குழு நடத்தினார். ஒலிம்பியா அகாதமி என்று அதற்கு விளையாட்டாகப் பெரிய பெயர் வைத்துக்கொண்டார்கள். மாலை நேரங்களில் ஹியூம், ஸ்பினோசா, மில், மாக், பியர்சன், புவான்காரே என்று படித்து விவாதித்தார்கள். மாக்கின் நூலை அவருக்கு அதற்கு முன்பே அறிமுகம் செய்தவர் மிக்கேலே பெஸ்ஸோ. சார்பியலை அறிவித்த 1905ஆம் ஆண்டுக் கட்டுரையில் வேறு ஆய்வுக் கட்டுரை எதுவும் மேற்கோள் காட்டப்படவில்லை. கடைசி வரியில் நன்றி சொல்லப்பட்டிருப்பது இந்த பெஸ்ஸோவுக்கு மட்டும்தான்.

1915 டிசம்பரில் மோரிட்ஸ் ஷ்லிக் என்ற தத்துவ அறிஞருக்கு ஐன்ஸ்டைன் ஒரு கடிதம் எழுதினார். சார்பியலைக் கண்டடைவதற்குச் சற்று முன்புதான் ஹியூமின் நூலை மிகுந்த ஆர்வத்தோடு படித்ததாகவும், இந்தத் தத்துவப் படிப்பு இல்லாவிட்டால் தன்னால் தீர்வுக்கு வந்திருக்க முடியாமலே போயிருக்கலாம் என்றும் அதில் சொல்கிறார். புகழின் உச்சியில் நின்று பழைய நினைவுகளை அழகுபடுத்தும் கடிதம் அல்ல இது. சூரியனருகே விண்மீன் ஒளி வளைவதை அளந்த 1919 கிரகணச் சோதனை அவரை உலகப் புகழ் பெற வைப்பதற்கு நான்கு ஆண்டுகள் முன்பு எழுதியது.

ஹியூமும் மாக்கும் அப்படி என்ன சொன்னார்கள்? அதிலிருந்து சார்பியல் எப்படி வந்தது?

18ஆம் நூற்றாண்டு ஸ்காட்லாந்துக்காரர் ஹியூமின் வாதம் சுருக்கமாக இது: ஒரு கருத்து எந்த அனுபவத்திலிருந்து வந்தது என்று காட்ட முடியவில்லை என்றால், அந்தக் கருத்தைச் சந்தேகப்பட வேண்டும். காரணம், விளைவு என்று நாம் சொல்வதைக்கூட அவர் இப்படித்தான் உரசிப் பார்த்தார். ஆஸ்திரிய இயற்பியலாளர் எர்ன்ஸ்ட் மாக் 1883இல் வெளியிட்ட இயக்கவியல் வரலாற்று நூலில் இதே உரைகல்லை நியூட்டன் மேல் வைத்தார். எந்தப் பொருளையும் சாராமல் தானாகவே இருக்கும் தனி வெளி, தனிக் காலம் என்று நியூட்டன் சொன்ன இரண்டையும் யாராலும் அளக்க முடியாது. அளக்க முடிவதெல்லாம் ஒரு பொருளுக்கும் இன்னொரு பொருளுக்கும் உள்ள உறவுதான் என்றார்.

1905க்கு முன்னால் இருந்த சிக்கலைப் பாருங்கள். மின்சாரம், காந்தம் பற்றிய மாக்ஸ்வெல்லின் சமன்பாடுகளின்படி ஒளிக்கு ஒரே வேகம். ஒளி பரவும் ஊடகமாக வெளியெங்கும் நிறைந்திருப்பதாக அன்று நம்பப்பட்ட ஈதர் வழியாகப் பூமி நகர்வதைக் கண்டுபிடிக்க மைக்கேல்சனும் மார்லியும் 1887இல் செய்த சோதனையில் எதிர்பார்த்த விளைவு தென்படவில்லை. டச்சு இயற்பியலாளர் லோரன்ட்ஸ் இதைச் சமாளிக்க நகரும் பொருள்கள் சுருங்குகின்றன என்றார். நகரும் அமைப்புக்கு என்று தனியாக ஓர் "உள்ளூர் நேரம்" கொண்ட சமன்பாடுகளையும் எழுதினார். 1904க்குள் சார்பியலின் கணிதத்தில் பெரும்பகுதி அவர் கையில் இருந்தது. ஆனால் அந்த உள்ளூர் நேரத்தைக் கணக்குப் போட வசதியான ஒரு குறியீடாகவே அவர் வைத்துக்கொண்டார். உண்மையான நேரம் வேறே இருக்கிறது என்ற நம்பிக்கையை அவரால் விட முடியவில்லை.

ஐன்ஸ்டைன் கேட்டது ஹியூம் கேட்டிருக்கக்கூடிய கேள்வி. தூரத்தில் இருக்கும் இரண்டு நிகழ்ச்சிகள் "ஒரே நேரத்தில்" நடந்தன என்று எப்படித் தெரிந்துகொள்கிறோம்? அங்கே ஒரு கடிகாரம், இங்கே ஒரு கடிகாரம், இடையில் ஒரு சமிக்ஞை. ஒளிச் சமிக்ஞையை அனுப்பி, அது திரும்பி வரும் நேரத்தைக் கொண்டு இரண்டு கடிகாரங்களையும் ஒத்துப்போகச் செய்கிறோம். இதைத் தவிர "ஒரே நேரம்" என்பதற்கு வேறு பொருள் இல்லை என்று ஒப்புக்கொண்டு, ஒளியின் வேகம் எல்லோருக்கும் ஒன்று என்பதையும் சேர்த்துக்கொண்டால், ரயிலில் போகிறவருக்கு ஒரே நேரத்தில் நடந்தது நடைமேடையில் நிற்பவருக்கு முன்பின்னாக நடந்ததாகிவிடும். யாருடைய கடிகாரமும் தவறு இல்லை. எல்லோருக்கும் பொதுவான நேரம் என்ற ஒன்றே இல்லை.

சமன்பாடுகள் லோரன்ட்ஸுடையவைதான். அவற்றுக்குக் கிடைத்த பொருள் புதிது. புவான்காரேயும் 1898லேயே நேரத்தை அளப்பது பற்றி ஏறக்குறைய இதே கேள்வியை எழுப்பியிருந்தார், ஆனால் ஈதரை அவர் கைவிடவில்லை. கேள்வியைக் கடைசிவரை கொண்டுபோகும் துணிச்சலில்தான் இளம் ஐன்ஸ்டைன் மற்ற இருவரையும் முந்தினார் என்று நான் நினைக்கிறேன்.

நியூட்டனின் வாளி என்கிறார்களே, அது என்ன?

தண்ணீர் நிரப்பிய வாளியைக் கயிற்றில் தொங்கவிட்டுச் சுழற்றினால் தண்ணீரின் மேற்பரப்பு குழிந்து, ஓரத்தில் ஏறும். வாளி சுழலத் தொடங்கிய உடனே தண்ணீர் குழிவதில்லை. தண்ணீரும் சேர்ந்து சுழன்ற பிறகுதான் குழிகிறது. அப்படியானால் அந்தக் குழிவுக்குக் காரணம் வாளியோடு தண்ணீருக்கு உள்ள உறவு இல்லை. தனி வெளியைப் பொறுத்து அது சுழல்கிறது என்று 1687இல் வெளியான பிரின்சிப்பியாவில் நியூட்டன் வாதிட்டார். ஜெர்மன் தத்துவ அறிஞர் லைப்னிட்ஸ் ஏற்கவில்லை. 1715-16இல் நியூட்டனின் சார்பில் சாமுவேல் கிளார்க்கும் லைப்னிட்ஸும் நடத்திய கடிதப் போர் இதைச் சுற்றித்தான். கடவுள் இந்தப் பிரபஞ்சத்தை முழுவதுமாக ஐந்தடி நகர்த்தி வைத்திருந்தால் என்ன வித்தியாசம் தெரியும் என்பது போன்ற வாதங்கள். வித்தியாசமே தெரியாது என்றால் "தனி வெளியில் இடம்" என்ற பேச்சுக்கே பொருள் இல்லை என்பது லைப்னிட்ஸின் கட்சி.

மாக் இன்னொரு அடி போனார். வாளியின் சுவர் பல மைல் கனமாக இருந்தால் தண்ணீர் எப்படி நடந்துகொள்ளும் என்று யாருக்குத் தெரியும் என்று கேட்டார். தண்ணீரைக் குழியச் செய்வது வெற்று வெளி அல்ல, தொலைவிலுள்ள விண்மீன்களின் திரள் என்பது அவர் கருத்து. ஈர்ப்பையும் உள்ளடக்கிய பொதுச் சார்பியலைத் தேடிய ஆண்டுகளில் ஐன்ஸ்டைனுக்கு இது வழிகாட்டியாக இருந்தது. 1913இல் மாக்குக்கே எழுதி மகிழ்ச்சியைத் தெரிவித்தார். 1918இல் இதற்கு "மாக் கொள்கை" என்று பெயரிட்டவரும் அவரே.

இதில் என்னை மிகவும் கவர்ந்தது அடுத்து நடந்ததுதான். 1915இல் முடிந்த கோட்பாடு மாக் கொள்கைக்கு முழுதாகக் கட்டுப்படவில்லை. 1917இல் டி சிட்டர் அந்தச் சமன்பாடுகளுக்குப் பொருளே இல்லாத ஒரு பிரபஞ்சத்தைத் தீர்வாகக் காட்டினார். வெறுமையான வெளிக்கும் அங்கே வடிவம் இருந்தது. ஆனால் மாக் முழுத் தோல்வியும் அடையவில்லை. சுழலும் பெரும் பொருள் தன்னைச் சுற்றியுள்ள வெளியையும் கொஞ்சம் இழுத்துச் செல்லும் என்று லென்ஸும் திரிங்கும் 1918இல் கணித்தார்கள். கிராவிட்டி புரோப் பி என்ற செயற்கைக்கோளின் முடிவுகள் 2011இல் வெளிவந்தபோது பூமி அப்படி இழுப்பது அளவீட்டில் தெரிந்தது. ஒரு தத்துவக் கருத்து கோட்பாட்டைப் பிறப்பித்தது. பிறந்த கோட்பாடு அந்தக் கருத்தில் பாதியை மட்டும் வைத்துக்கொண்டது.

அதே மாக் அணுவையே நம்பவில்லையாமே?

ஆமாம். அளக்க முடியாததை நம்பாதே என்ற அதே கொள்கைதான் காரணம். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அணுவை யாரும் பார்த்ததில்லை. கணக்குப் போட உதவும் கற்பனை என்றே மாக் அதைக் கருதினார். வேதியியலாளர் ஆஸ்ட்வால்டும் அணுவை எதிர்த்து நின்றார். அணுக்களின் இயக்கத்திலிருந்து வெப்பவியலைக் கட்டிய லுட்விக் போல்ட்ஸ்மன் வியன்னாவில் இந்த எதிர்ப்பை நேருக்கு நேர் சந்தித்தார். 1906இல் டுயினோ என்ற ஊரில் அவர் தற்கொலை செய்துகொண்டார். அணு எதிர்ப்புதான் அவரைக் கொன்றது என்று எழுதுகிறவர்கள் உண்டு. அவருக்கு நீண்டகாலமாகவே உடல்நலமும் மனநலமும் சரியில்லை, அதனால் பழியை ஒரு விவாதத்தின் மேல் மட்டும் போடுவது நியாயமாக எனக்குப் படவில்லை.

வருத்தம் என்னவென்றால், விடை அப்போது வந்துகொண்டிருந்தது. நீரில் மிதக்கும் நுண்துகள்கள் ஓயாமல் தத்தளிப்பதற்கு மூலக்கூறுகளின் மோதலே காரணம் என்று 1905இல் ஐன்ஸ்டைன் கணக்கிட்டுக் காட்டியிருந்தார். பிரான்சின் ழான் பெரன் 1908இலிருந்து அதை அளந்து உறுதி செய்தார். 1909இல் ஆஸ்ட்வால்ட் தோல்வியை ஒப்புக்கொண்டார். பெரனுக்கு 1926இல் நோபல் பரிசு கிடைத்தது.

ஒரே கொள்கை ஒரே ஆண்டில், 1905இல், ஒரு பக்கம் சார்பியலுக்கு வாசல் திறந்தது, இன்னொரு பக்கம் அணுவுக்குக் கதவைச் சாத்தி வைத்திருந்தது. ஐன்ஸ்டைன் மாக்கைக் கேள்விகளுக்காகப் படித்தார், தீர்ப்புகளை எடுத்துக்கொள்ளவில்லை. அதனால்தான் அவரால் இரண்டு கட்டுரைகளையும் ஒரே ஆண்டில் எழுத முடிந்தது.

மின்காந்தவியலில் கான்ட்டுக்குப் பங்கு உண்டா?

மறைமுகமாக உண்டு. மின்னோட்டம் காந்த ஊசியை அசைப்பதை 1820இல் கண்ட டென்மார்க்கின் ஓர்ஸ்டெட், இளமையில் 18ஆம் நூற்றாண்டு ஜெர்மன் தத்துவ அறிஞர் கான்ட்டின் இயற்கைத் தத்துவத்தைப் பற்றி ஆய்வேடு எழுதியவர். இயற்கையின் விசைகள் எல்லாம் அடியில் ஒன்று என்ற ஜெர்மானிய இயற்கைத் தத்துவத்தின் நம்பிக்கை அவரிடம் இருந்தது. அதனால்தான் மின்சாரத்துக்கும் காந்தத்துக்கும் தொடர்பு இருக்கும் என்று பல ஆண்டுகள் எதிர்பார்த்திருந்தார். அது தற்செயலான கண்டுபிடிப்பு என்ற வகுப்பறைக் கதை அவருக்குச் செய்யும் அநியாயம்.

ஹைசன்பெர்க்கும் மாக் வழியில் போனவர்தானே?

தொடக்கத்தில் அப்படித்தான் தெரிகிறது. 1925 கோடையில் ஹெல்கோலாண்ட் தீவில் அவர் கண்டடைந்த குவாண்டம் இயக்கவியல், எலக்ட்ரான் எந்தப் பாதையில் சுற்றுகிறது என்ற கேள்வியையே விட்டுவிட்டது. பார்க்கக் கிடைப்பது ஒளியின் அதிர்வெண்ணும் செறிவும். அவற்றுக்கிடையே உள்ள உறவுகளை மட்டும் வைத்துக் கோட்பாட்டைக் கட்டுவேன் என்று கட்டுரையின் தொடக்கத்திலேயே அறிவித்தார்.

அடுத்த ஆண்டு பெர்லினில் ஐன்ஸ்டைனைச் சந்தித்தார். "நீங்கள் சார்பியலில் செய்ததைத்தானே நானும் செய்தேன்?" என்று கேட்டாராம். ஐன்ஸ்டைனின் பதிலை ஹைசன்பெர்க் பல ஆண்டுகள் கழித்துத் தன் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார்: நான் அப்படி ஒரு தத்துவத்தைப் பயன்படுத்தியிருக்கலாம், இருந்தாலும் அது தவறு, எதைக் காண முடியும் என்பதைத் தீர்மானிப்பதே கோட்பாடுதான். உரையாடலின் சொற்களுக்கு ஹைசன்பெர்க்கின் நினைவு மட்டுமே சாட்சி. ஆனாலும் இந்தக் கருத்து தன்னிடம் தங்கி, ஒரு துகளின் இடத்தையும் உந்தத்தையும் ஒருசேரத் துல்லியமாக அறிய முடியாது என்னும் நிச்சயமின்மைக் கொள்கைக்கு 1927இல் வழி காட்டியது என்று அவரே சொல்கிறார். துகள் போன தடம் நீர்த்துளிக் கோடாகத் தெரியும் கருவியான மேகக்கூடத்தில் எலக்ட்ரானின் பாதையைப் பார்க்கிறோமே என்ற கேள்வியை அவர் திருப்பிப் போட்டார்: நாம் உண்மையில் பார்ப்பது என்ன, கோட்பாடு எதைப் பார்க்க அனுமதிக்கிறது?

நீல்ஸ் போரின் நிரப்புத்தன்மை சீனத் தத்துவத்திலிருந்து வந்ததா?

இல்லை. 1947இல் டென்மார்க் அரசின் உயரிய விருதைப் பெற்றபோது தன் சின்னத்தில் யின்-யாங் வடிவத்தைப் போர் வைத்துக்கொண்டார். அலை, துகள் போன்ற ஒன்றோடொன்று பொருந்தாத இரண்டு விவரிப்புகளும் சேர்ந்தால்தான் முழுமை என்னும் நிரப்புத்தன்மையை அவர் அறிவித்ததோ 1927 செப்டம்பரில், இத்தாலியின் கோமோ நகரில். முன்னதிலிருந்து பின்னது பிறந்தது என்று சொல்ல இடமில்லை. அவருக்கு நெருக்கமான தத்துவம் வீட்டிலேயே இருந்தது. தந்தையின் நண்பரும் போரின் ஆசிரியருமான ஹரால்ட் ஹெஃப்டிங் டென்மார்க்கின் முக்கியத் தத்துவ அறிஞர்.

ஷ்ரோடிங்கர் வேதாந்தத்திலிருந்து அலைச் சமன்பாட்டை எடுத்தார் என்பது உண்மையா?

இந்தக் கேள்வி நம்மிடம் அதிகம் வருகிறது. ஷ்ரோடிங்கர் உபநிடதக் கருத்துகளை ஆழமாக நேசித்தவர்தான். ஜெர்மன் தத்துவ அறிஞர் ஷோப்பன்ஹவர் வழியாக அவற்றுக்கு வந்தார். பல உணர்வுகள் என்பது தோற்றம், உணர்வு ஒன்றே என்று 1925 இலையுதிர் காலத்தில் ஒரு கட்டுரை எழுதினார். சில மாதங்களில், 1926 ஜனவரியில், எலக்ட்ரான் போன்றவற்றை அலையாக விவரிக்கும் அலைச் சமன்பாடு வந்தது. இரண்டும் அடுத்தடுத்து நடந்ததால் ஒன்றிலிருந்து மற்றது வந்தது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். சமன்பாட்டின் நேரடி வேர் 1924இல் லூயி டி புரோலி பொருள்-அலை பற்றி எழுதிய ஆய்வேடு. இயற்கையில் தாவல்கள் கிடையாது, தொடர்ச்சிதான் உண்டு என்ற விருப்பமும் ஷ்ரோடிங்கரைச் செலுத்தியது. வேதாந்தம் அவர் வாழ்வுக்கு ஒளி கொடுத்தது. சமன்பாட்டுக்குள் அது இருக்கிறது என்று காட்ட ஆதாரம் இல்லை.

ஜெனிவாவில் உள்ள செர்ன் ஆய்வுக்கூடத்தில் நிற்கும் நடராஜர் சிலையும் இதே போலத்தான். இந்திய அரசு கொடுத்த அன்பளிப்பு, 2004இல் திறந்துவைக்கப்பட்டது. நம் கலையும் அவர்கள் அறிவியலும் அருகருகே நிற்பது எனக்குப் பெருமையாக இருக்கிறது. தில்லைக் கூத்திலிருந்து துகள் இயற்பியல் பிறந்தது என்பதற்கு அது சான்று ஆகாது. மணிமேகலையின் 27ஆம் காதையில் ஆசீவகர் நிலம், நீர், தீ, காற்று, உயிர் என்ற ஐவகை அணுக்களைப் பற்றிப் பேசுவதைப் படித்தால் வியப்பு வரும். உலகம் எதனால் ஆனது என்று நம் மண்ணில் எவ்வளவு கூர்மையாக விவாதித்திருக்கிறார்கள்! ஆனால் ஐரோப்பிய அணுக் கோட்பாடு வளர்ந்தது டால்டன் காலத்து வேதியியல் தராசிலிருந்து. இரண்டையும் அதனதன் இடத்தில் வைத்தே மதிக்கலாம்.

தத்துவ விவாதம் ஒன்று நேராகச் சோதனையில் போய் முடிந்த உதாரணம் உண்டா?

உண்டு. எனக்கு மிகவும் பிடித்த கதையும் இதுதான்.

1935இல் ஐன்ஸ்டைன், பொடோல்ஸ்கி, ரோசன் மூவரும் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஒன்றோடொன்று பின்னிய இரண்டு துகள்கள் தொலைவில் பிரிந்து நிற்கின்றன. இங்கே ஒன்றை அளந்தால், தொடாமலே அங்கே உள்ளதன் மதிப்பு நிச்சயமாகத் தெரிந்துவிடுகிறது. அப்படியானால் அந்த மதிப்பு முன்பே அங்கே இருந்திருக்க வேண்டும். குவாண்டம் கோட்பாடு அதைச் சொல்லாததால் அது முழுமையற்றது. போர் மறுத்தார். பெரும்பாலான இயற்பியலாளர்கள் இது விடையில்லாத தத்துவப் பேச்சு என்று ஒதுக்கிவிட்டு வேலையைப் பார்க்கப் போனார்கள்.

இதற்கு முன்பே, 1932இல், ஜான் வான் நொய்மன் ஒரு நிரூபணம் கொடுத்திருந்தார்: குவாண்டம் கோட்பாட்டுக்கு அடியில் மறைந்திருக்கும் மதிப்புகள் இருக்கவே முடியாது. அவர் பெரிய கணித மேதை என்பதால் பலரும் அத்தோடு விஷயம் முடிந்தது என்று எண்ணினார்கள். அதில் ஓட்டை இருப்பதை 1935இலேயே அச்சில் காட்டியவர் கிரேட்டே ஹெர்மன். எம்மி நோதரிடம் கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்று, கான்ட் வழித் தத்துவத்துக்குப் போனவர். காரண-காரியத் தொடர்பை குவாண்டம் இயற்பியல் உண்மையில் உடைத்துவிட்டதா என்று கேட்க லைப்சிக் நகருக்கே போய் ஹைசன்பெர்க்குடன் விவாதித்தார். அவருடைய விமர்சனம் பல பத்தாண்டுகள் கவனிக்கப்படாமலே கிடந்தது. ஒரு பெண், அதுவும் தத்துவ இதழில் எழுதியவர், நாஜிகளை எதிர்த்து நாட்டை விட்டு வெளியேறியவர். கேட்க ஆள் இல்லாமல் போனது பெரிய இழப்பு.

1952இல் டேவிட் போம் மறைந்திருக்கும் மதிப்புகள் கொண்ட ஒரு கோட்பாட்டை எழுதியே காட்டிவிட்டார். முடியாது என்று நிரூபிக்கப்பட்டது எப்படி நடந்தது என்று செர்னில் வேலை செய்த பெல்ஃபாஸ்ட்காரர் ஜான் பெல் குடைந்தார். 1964இல் அவர் வெளியிட்ட தேற்றம் விவாதத்தை எண்களுக்குக் கொண்டுவந்தது. துகள்களுக்கு மதிப்புகள் முன்பே நிலைத்திருந்து, இங்கே செய்யும் அளவீடு அங்கே பாதிக்காமலும் இருந்தால், இரு பக்க முடிவுகளுக்கும் உள்ள ஒத்திசைவு ஓர் எல்லையைத் தாண்ட முடியாது. பின்னால் வந்த வடிவில் அந்த எல்லை 2. குவாண்டம் கோட்பாடோ சுமார் 2.83 வரை போகலாம் என்கிறது.

ஆய்வுக்கூடத்தில் சோதிக்கத்தக்க அந்த வடிவத்தை 1969இல் தந்த நால்வரில் ஒருவர் அப்னர் ஷிமோனி. தத்துவத்தில் ஒரு முனைவர் பட்டம், இயற்பியலில் இன்னொன்று என்று இரண்டும் பெற்றவர். நால்வரில் இன்னொருவரான ஜான் கிளாசர் 1972இல் ஸ்டூவர்ட் ஃப்ரீட்மனோடு முதல் சோதனையைச் செய்தார். 1982இல் அலென் ஆஸ்பே துகள்கள் பறந்துகொண்டிருக்கும்போதே அளவீட்டின் திசையை மாற்றிச் சோதித்தார். 2015இல் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் 1.3 கிலோமீட்டர் இடைவெளியில் செய்த சோதனையில் கிடைத்தது 2.42. ஐன்ஸ்டைன் நம்பிய உலகத்துக்கு இடமில்லை என்று ஆனது. கிளாசர், ஆஸ்பே, இதே துறையில் சோதனைகள் செய்த சைலிங்கர் மூவருக்கும் 2022இல் நோபல் பரிசு.

இதில் ஐன்ஸ்டைன் தோற்றார் என்று மட்டும் சொல்வது போதாது. அவர் விடாப்பிடியாகக் கேட்டிராவிட்டால் பெல் இல்லை. 1991இல் ஆர்டர் எக்கர்ட் இதே பெல் சோதனையை ரகசியச் செய்தி அனுப்பும் முறைக்கு அடிப்படையாக்கினார்: இடையில் யாராவது ஒட்டுக்கேட்டால் அந்த எண் குறைந்துவிடும். வேலைக்கு ஆகாத பேச்சு என்று ஒதுக்கப்பட்ட கேள்வியிலிருந்து இன்று ஒரு தொழில்நுட்பமே வளர்ந்து நிற்கிறது.

தத்துவ நம்பிக்கை இயற்பியலைக் கெடுத்த வேறு உதாரணங்கள்?

சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்ரமணியன் சந்திரசேகர் 1930இல் இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும்போது, ஓர் எல்லைக்கு மேல் நிறை கொண்ட வெண்குறு விண்மீன் (எரிபொருள் தீர்ந்து சுருங்கிய விண்மீன்) தன் எடையைத் தாங்காது என்று கணக்கிட்டார்; அந்த எல்லையின் இன்றைய மதிப்பு சூரியனைப் போல சுமார் 1.4 மடங்கு. அவருக்கு அப்போது வயது 19. 1935 ஜனவரியில் லண்டனில் ராயல் வானியல் கழகத்தில் அதை விளக்கியபோது ஆர்தர் எடிங்டன் எழுந்து, ஒரு விண்மீன் இப்படி அபத்தமாக நடந்துகொள்வதைத் தடுக்க இயற்கையில் ஒரு விதி இருக்க வேண்டும் என்றார். கணக்கில் பிழை என்று அவரால் காட்ட முடியவில்லை. இயற்கை எப்படி இருக்க வேண்டும் என்று அவர் முன்பே முடிவு செய்திருந்தார். சந்திரசேகருக்கு நோபல் பரிசு 1983இல்தான் வந்தது.

எடிங்டன் அதே காலத்தில் இயற்கையின் மாறிலிகளைச் சிந்தனையாலேயே வருவிக்க முயன்றார். மின்காந்த விசையின் வலிமையைக் குறிக்கும் நுண்கட்டமைப்பு மாறிலியின் தலைகீழ் மதிப்பு 136 என்று காட்டினார். அளவீடு 137ஐ நெருங்கியதும் ஒன்று சேர்க்கக் காரணம் கண்டுபிடித்தார். இன்றைய மதிப்பு 137.036. 1919 கிரகணப் பயணத்தால் சார்பியலை உலகறியச் செய்த அதே மனிதர் இவர் என்பதுதான் மனதை வருத்துகிறது.

பிரபஞ்சம் எங்கும், எக்காலமும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்ற கொள்கையில் 1948இல் ஹாயில், பாண்டி, கோல்ட் மூவரும் முன்வைத்த நிலைப் பிரபஞ்சக் கோட்பாடும் அழகான தத்துவத்தில் நின்றது. பிரபஞ்சத்தின் வெப்பமான தொடக்கத்திலிருந்து எஞ்சிய, 1965இல் அறிவிக்கப்பட்ட பின்னணி நுண்ணலைக் கதிர்வீச்சு அதை வீழ்த்தியது. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். பொய்யாகக்கூடிய கணிப்புகளோடு அவர்கள் களத்துக்கு வந்தார்கள்.

இன்றைய இயற்பியலாளர்கள் பலர் தத்துவம் வீண் என்கிறார்களே?

இயற்பியலாளர் ஸ்டீவன் வைன்பெர்க் 1992இல் வந்த தன் நூலில் ஓர் அத்தியாயமே தத்துவத்துக்கு எதிராக எழுதினார். ஸ்டீபன் ஹாக்கிங் 2010இல் தத்துவம் இறந்துவிட்டது என்றார். வைன்பெர்க்கின் வாதத்தில் வலு உண்டு. 1897இல் ஜே. ஜே. தாம்சன் எலக்ட்ரானைக் கண்ட அதே ஆண்டில் பெர்லினில் வால்டர் காஃப்மனும் அதே மாதிரி அளவீடுகளைச் செய்தார், ஆனால் பார்க்க முடியாத துகளைப் பற்றிப் பேசக்கூடாது என்ற கொள்கையால் துகளைக் கண்டேன் என்று அவர் சொல்லவில்லை என்கிறார் வைன்பெர்க். நான் மேலே சொன்ன மாக்-அணு கதையின் இன்னொரு முகம் இது.

ஆனால் தத்துவம் வேண்டாம் என்கிறவர்களிடமும் ஒரு தத்துவம் இருக்கிறது, பெரும்பாலும் மாணவப் பருவத்தில் ஆசிரியரிடம் கேட்டுப் பழகியது. துகள்களை நுண்ணிய இழைகளின் அதிர்வாகக் கருதும் இழைக் கோட்பாட்டைச் சோதிக்க வழி இல்லாதபோது அது அறிவியலா என்ற சண்டை எழுந்ததும், பொய்யாக்க இடம் தருவதே அறிவியல் என்ற தத்துவ அறிஞர் கார்ல் பாப்பரிடம் எல்லோரும் ஓடினார்கள். 2014 டிசம்பரில் ஜார்ஜ் எல்லிஸும் ஜோ சில்க்கும் சோதனை என்ற அளவுகோலைக் கைவிடக் கூடாது என்று நேச்சர் இதழில் எச்சரித்தார்கள். அடுத்த ஆண்டு மியூனிக்கில் இயற்பியலாளரும் தத்துவ அறிஞரும் ஒன்றாக உட்கார்ந்து இதை விவாதித்தார்கள். ஒரு கோட்பாட்டை எப்போது நம்பலாம் என்பதைச் சமன்பாட்டால் மட்டும் தீர்க்க முடியாது என்பதால்தான் அந்தக் கூட்டமே தேவைப்பட்டது.

இயற்பியல் மாணவர் ஒருவர் எங்கிருந்து தொடங்கலாம்?

ஐன்ஸ்டைனின் 1905 சார்பியல் கட்டுரையின் முதல் பகுதியிலிருந்து. ஒரே நேரம் என்றால் என்ன என்பதை அவர் அங்கே விளக்குகிறார். பன்னிரண்டாம் வகுப்புக் கணிதமே அதிகம். அப்புறம் லைப்னிட்ஸ்-கிளார்க் கடிதங்களில் வெளியைப் பற்றிய பகுதிகள். பிறகு பெல்லின் கட்டுரைகள். அவர் தெளிவாகவும் கோபத்தோடும் எழுதுவார், "அளவீடு" என்ற சொல்லைக் குவாண்டம் நூல்கள் விளக்காமல் பயன்படுத்துவது அவருக்குப் பொறுக்காது.

அந்தச் சிக்கல் இன்றும் தீரவில்லை. அளக்கும்போது அலைச்சார்பு (துகளின் நிலையை விவரிக்கும் கணித அலை) உண்மையிலேயே குலைகிறதா, 1957இல் ஹியூ எவரெட் சொன்னபடி எல்லா விளைவுகளும் நடக்கின்றனவா, போம் சொன்னபடி துகள்களுக்கு எப்போதும் ஓர் இடம் உண்டா? வழக்கமான ஆய்வுக்கூடச் சோதனைகளில் மூன்றும் ஒரே எண்களைத்தான் தருகின்றன. அலைச்சார்பு தானாகவே குலைகிறது என்னும் சில கோட்பாடுகள் மட்டும் கொஞ்சம் வேறு கணிப்புகளைச் சொல்வதால், அவற்றைச் சோதிக்கும் வேலை இப்போது நடந்துகொண்டிருக்கிறது. சேர விரும்பும் மாணவருக்கு அங்கே இடம் இருக்கிறது.